பிக்கப்பின் பின்பக்கக் கீச்சு: தேடியதும் சரிசெய்ததும்

மெதுவாக வேகத்தடை ஏறி இறங்கினால் நீளமாக ஒரு 'கீ...ச்'. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் அதே சத்தம் இன்னும் பலமாக. நல்ல சாலையில் வேகமாகப் போனால் ஒன்றுமே இல்லை. கேட்பது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், கேபின் சுவரை ஒட்டி. மழை பெய்த அன்று முழுக்க அமைதி, காய்ந்த மறுநாள் மறுபடியும் ஆரம்பித்துவிடும். பின்னால் நிறைய லோடு ஏற்றினால் சத்தம் மாறுகிறது, ஆனால் போவதில்லை.

எங்கள் பிக்கப்பில் வந்த இந்தச் சத்தத்தைப் பற்றி இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகுதான் வண்டிக்கு அடியில் படுத்தேன். கீச்சுச் சத்தம் என்றதும் பலரும் முதலில் தேடுவது துரு இளக்கும் ஸ்பிரே டப்பாவை. சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் அடித்துவிடுவார்கள், சத்தமும் கொஞ்ச நாள் நிற்கும். பிரச்சினை என்னவென்றால், அந்த ஸ்பிரே ஒரே நேரத்தில் நாலு பாகத்தை நனைத்துவிடும். எது கத்தியது என்பதற்கான தடயமே போய்விடும். எண்ணெய் மெல்ல ஆவியானதும் சத்தம் திரும்பும், தேடல் முதலிலிருந்து தொடங்கும். போதாக்குறைக்கு, பெட்ரோலியம் சார்ந்த எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி உப்பி இளகிவிடும். அதனால் குற்றவாளி யாரென்று உறுதியாகும் வரை வண்டிக்கு அடியில் எண்ணெயே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

முதல் கேள்வி, சத்தம் எதோடு சேர்ந்து ஓடுகிறது என்பது. எஞ்சின் வேகத்தோடா, வண்டி வேகத்தோடா, சஸ்பென்ஷன் அசைவோடா? இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் வண்டியில் முக்கால்வாசியை ஒதுக்கிவிடலாம்.

எஞ்சினோடு ஓடும் சத்தம் வண்டி நிற்கும்போதே வரும். நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை அழுத்தினால் கூடும். பெரும்பாலும் பெல்ட், இல்லையென்றால் பெல்ட் ஓடும் ஏதாவது ஒரு புல்லியின் பேரிங். பெல்ட்டைச் சோதிக்க அதன் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். சத்தம் சற்று அடங்கிவிட்டு மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது, இழுவிசை போதவில்லை. எங்கள் வண்டி நின்ற இடத்தில் எவ்வளவு முறுக்கினாலும் கத்தவில்லை, எனவே பானெட்டைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

வண்டி வேகத்தோடு ஓடும் சத்தத்தில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. பிக்கப்பில் பரவலாக வரும் 265/70 ஆர்16 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.4 மீட்டர். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஒரு சுற்றுக்குச் சற்று மேல்தான் சுற்றும். பின் ஆக்சிலின் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் விகிதம் 4 என்று வைத்துக்கொண்டால், அதே நேரத்தில் எஞ்சின் விசையை அங்கே கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் நாலரைச் சுற்றுச் சுற்றிவிடும். ஆக, மெதுவாக உருட்டும்போது விநாடிக்கு ஒரு கீச்சு என்றால் சக்கரத்தில், பிரேக்கில் தேட வேண்டும். படபடவென்று நாலைந்து கீச்சு என்றால் ஷாஃப்டில், அதாவது அதன் முனையில் உள்ள மூட்டான யு ஜாயின்ட்டில். எண்ணெய்ப்பசை வற்றிய யு ஜாயின்ட்டின் கப்பைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துருத்தூள் படிந்திருக்கும், டார்ச் அடித்தாலே தெரியும். அதைக் கண்டால் தள்ளிப்போடாமல் மாற்றிவிட வேண்டும். அது உடைந்தால் ஷாஃப்ட் கீழே விழும்.

பிரேக் பேடில் தேய்மானத்தைக் காட்டவென்றே ஒரு சின்ன உலோக நாக்கு இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கை உரசி மெல்லிசாக வீறிடும். பல நேரம் பிரேக்கை மிதித்தால் அந்தச் சத்தம் நிற்கும், அல்லது மாறும். நம் வண்டியில் வந்தது எந்தச் சுழற்சியோடும் ஒட்டவில்லை. உடல் மேலே போய்க் கீழே வந்தால் ஒரு கீச்சு, அவ்வளவுதான். சரி, சஸ்பென்ஷன்.

நிற்கும் வண்டியிலேயே அதை வரவழைக்க முடிந்தால் தேடல் பல மடங்கு சுலபம். சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன். ஹேண்ட் பிரேக் பிடித்திருந்தால் பின்சக்கரம் உருள முடியாமல் ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். வண்டி ஓடும்போது இல்லாத சத்தமெல்லாம் அதனால் வரும். அண்ணன் மகனைப் பின் பம்பரில் ஏறி நின்று மெதுவாக அமுக்கி அமுக்கி விடச் சொன்னேன். வேகமாகக் குதித்தால் வராத சத்தம் மெதுவாக அமுக்கினால் வந்தது.

மெதுவான அசைவில்தான் கத்தும் என்பதற்குக் காரணம் உண்டு. காய்ந்த இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். விசை கூடியதும் சட்டென்று நழுவும், உடனே மறுபடி பிடிக்கும். விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை இப்படிப் பிடித்து நழுவும்போது பாகம் அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. வயலின் வில் தந்தியைப் பாட வைப்பதும் இதே முறையில்தான். வேகம் கூடினால் பரப்புகள் பிடித்துக்கொள்ளவே நேரமில்லாமல் வழுக்கிக்கொண்டே போய்விடும், சத்தம் அடங்கும். நடுவில் ஈரம் புகுந்தாலும் அதே கதை. மழை நாள் அமைதிக்கு அர்த்தம் இங்கே கிடைத்துவிட்டது: வெளியே திறந்து கிடக்கும், தண்ணீர் எட்டும் ஒரு காய்ந்த உரசல். மூடிய பேரிங்காக இருந்தால் மழையால் இப்படி உடனே அடங்காது.

கேட்ட இடத்தை மட்டும் நம்பவே கூடாது. பிக்கப்பின் கேபினும் பின்பெட்டியும் ஏணி போன்ற ஒரே சேசிஸ் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அந்த இரும்புச் சட்டம் சத்தத்தை அதிகம் விழுங்காமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடத்திவிடும். கேபினின் தகட்டுத் தரை அதை வாங்கிப் பெருக்கிக் காட்டும். இருக்கைக்குப் பின்னால் கேட்டதால் கேபின் தாங்கும் ரப்பர்களை முதலில் பார்த்தேன், அவை நன்றாகவே இருந்தன.

அப்புறம் நீளமான ஸ்க்ரூடிரைவர். கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்தி, நுனியை ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக் கேட்டேன். ஓட்டுநர் பக்கம் எல்லா இடத்திலும் மங்கல். மறுபக்கம் வந்ததும் தெளிவு கூடியது. இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங்கின் முன்முனையில் சுமார், பின்முனைக்குப் போகப் போகப் பலம். "சித்தப்பா, எனக்கு இங்க கால்லயே அதிருது," என்று பம்பர் மேலிருந்து பையனும் அதே மூலையைக் காட்டினான். இந்தச் சோதனையின்போது விரல்களை ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவிலோ, ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேசிஸோடு சேர்த்து ஆடும் இணைப்பான ஷேக்கிளுக்குப் பக்கத்திலோ கொண்டுபோகாதீர்கள். ஆள் எடை ஏறும்போது அந்த இடைவெளிகள் மூடும்.

மூலை தெரிந்துவிட்டது. ஆனால் அந்த மூலையிலேயே கத்தக்கூடியவை பல: பட்டைகளின் நுனி, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப், ஷேக்கிள் போல்ட்டுகளைச் சுற்றியிருக்கும் ரப்பர் உருளைகளான கீழ்ப் புஷ், மேல் புஷ், ஷாக் அப்சார்பரின் கண் (போல்ட் நுழையும் வளையம்). இங்கேதான் தண்ணீர் கைகொடுத்தது. மூடியில் கூர்மையான குழாய் உள்ள பாட்டிலில் வெறும் தண்ணீர். ஒரு இடத்தை மட்டும் நனைப்பது, அமுக்கச் சொல்லிக் கேட்பது, துடைத்துக் காயவிட்டு அடுத்த இடத்துக்குப் போவது. கீழே இருக்கும் பாகத்தில் தொடங்கி மேலே ஏற வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் வழிந்து கீழே உள்ளதையும் நனைத்துவிடும், எதனால் நின்றது என்று சொல்ல முடியாது. தண்ணீரின் அருமையே அது காய்ந்துவிடும் என்பதுதான். சத்தம் திரும்ப வரும், சோதனையை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்து உறுதிப்படுத்தலாம்.

பட்டை நுனிகளை நனைத்தேன், பெரிய சத்தம் அப்படியே இருந்தது. கீழ்ப் புஷ், மாற்றமில்லை. ஷாக் அப்சார்பரின் கண், அதுவும் இல்லை. சேசிஸோடு சேரும் மேல் புஷ்ஷின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் விட்டதும், பாதி அமுக்கலில் இருந்த கீச்சு அந்த இடத்திலேயே அறுந்தது. காய்ந்ததும் திரும்ப வந்தது. மறுபடி நனைத்தேன், மறுபடி நின்றது.

டார்ச்சை ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. புஷ்ஷின் ஓரத்தில் கறுப்பாக ரப்பர்த் துகள். ஷேக்கிள் தகட்டின் உள்பக்கம் முழுக்கத் துருவேறிக் கிடக்க, புஷ் உரசும் இடத்தில் மட்டும் பிறை வடிவில் ஒரு பட்டை, பாலிஷ் போட்டதுபோல் மின்னியது.

இந்த வகைப் புஷ் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் அது ஏன் கிழிந்தது என்பதும் புரியும். உள்ளே ஒரு இரும்புக் குழல், வெளியே ஒரு இரும்பு உறை, நடுவில் இரண்டோடும் ஒட்டி வார்த்த ரப்பர். போல்ட்டை இறுக்கினால் ஷேக்கிள் தகடுகள் உள்குழலைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். ஷேக்கிள் ஆடும்போது எதுவும் எதன்மேலும் சறுக்கக் கூடாது. ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு, பிறகு தன் நிலைக்குத் திரும்ப வேண்டும். அதனால் ஆரோக்கியமான ரப்பர் புஷ்ஷுக்கு எண்ணெயும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். அது கத்துகிறது என்றாலே ரப்பர் எங்கோ ஒட்டு விட்டுச் சறுக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். மசகு போட்டு அதை வாயடைக்கலாம், குணப்படுத்த முடியாது. பாலியூரித்தேன் புஷ் வேறு ரகம், அது சறுக்கவே செய்யப்பட்டது. அதற்கென்று வரும் பிசுபிசுப்பான சிலிக்கான் கிரீஸ் போட்டால்தான் அமைதியாக இருக்கும்.

அந்தப் புஷ் இந்த வண்டி எங்களிடம் வருவதற்கு முன்பே ஒருமுறை மாற்றப்பட்டது. மறுபக்கத்தில் இருப்பதைவிட அது புதிது. புதியது முதலில் கிழிந்ததற்கு ஒரு காரணம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: வண்டியைத் தூக்கி, ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கியிருக்க வேண்டும். அப்படி இறுக்கினால் தொங்கும் நிலைதான் ரப்பருக்கு இயல்பு நிலை ஆகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கிய கணத்திலிருந்து அது முறுக்கிக்கொண்டே நிற்கும், லோடு ஏற ஏற இன்னும் முறுக்கும். ஒருநாள் குழலிலிருந்து பிய்ந்துவிடும்.

கழற்றும் வேலையில் தூக்குவதுதான் கவனமாகச் செய்ய வேண்டியது. பெரும்பாலான பிக்கப்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அதற்கு வேலையே இல்லை, வண்டியை நிறுத்தி வைப்பது முன்சக்கரக் கட்டைகள் மட்டும்தான். சேசிஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து அதன்மேல் உட்கார வைத்தேன். ஹைட்ராலிக் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. இன்னொரு ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில் வைத்தேன். ஸ்பிரிங் அமுங்கவும் கூடாது, தொங்கவும் கூடாது, நடுவாந்திரமாக எடையற்று நிற்க வேண்டும். அதற்கு இந்த இரண்டாவது ஜாக்கி இல்லாமல் முடியாது. மேலே கீழே சின்னச் சின்னதாக மாற்றிக்கொண்டே வந்தால், ஷேக்கிள் போல்ட்டின் மேல் இருந்த பளு இறங்கும் இடம் கைக்குத் தெரியும்.

நட்டு வந்துவிட்டது, போல்ட்டு வரவில்லை. தலையில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் சுற்றியது, சுற்றும்போதே அதே 'கீச்'. இத்தனை நாள் கேட்ட சத்தம் இப்போது கைக்குள்ளேயே. துரு பிடித்துப் போல்ட்டும் உள்குழலும் ஒன்றாகிவிட்டன, குழல் ரப்பருக்குள் சும்மா சுற்றுகிறது. கீழ்ப் புஷ்ஷின் போல்ட்டில் இதற்கு நேர்மாறு. கொஞ்சம் திருப்பி விட்டால் ஸ்பேனர் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. அங்கே துரு பிடித்திருந்தாலும் ரப்பர் இன்னும் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறது, முறுக்கினால் எதிர்த்துத் தள்ளுகிறது. நல்ல புஷ், கெட்ட புஷ் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் கையால் உணர முடியாது.

துரு இளக்கும் எண்ணெயை இப்போது தாராளமாகவே விட்டேன், எப்படியும் வெளியே போகப்போகிற புஷ்தானே. ஒரு இரவு ஊறியும் அசையவில்லை. அறுப்பதுதான் வழி. கிரைண்டரை எடுக்கத் தோன்றும், ஆனால் பல பிக்கப்களில் போலவே இதிலும் பெட்ரோல் டேங்க் பின் ஆக்சிலுக்கு முன்னால் சேசிஸை ஒட்டியே இருக்கிறது, பிரேக் குழாயும் பக்கத்தில் ஓடுகிறது. பொறி பறக்கும் எதையும் அங்கே கொண்டுபோக எனக்கு மனமில்லை. ஹேக்சா பிளேடைக் கையால் ஓட்டினேன். போல்ட்டின் தலையில் அதன் வலிமைத் தரம் 10.9 என்று குத்தியிருந்தது. அந்தக் கடினத்துக்குச் சாதாரண பிளேடின் பல் சீக்கிரம் மழுங்கிவிடும், பைமெட்டல் பிளேடு வேண்டும். ஷேக்கிள் தகட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுத்ததும் ஷேக்கிள் இறங்கி வந்தது.

மிச்சம் வேகமாகவே முடிந்தது. ரப்பரைத் துளைத்து எடுத்து, வெளியுறையில் நீளவாக்கில் ஒரு கீறல் அறுத்தேன். சேசிஸின் கண் வரை பிளேடு போகாமல் அங்கே நிதானம் வேண்டும். கீறல் விழுந்ததும் உறையின் பிடி தளர்ந்து தட்டினால் வந்துவிட்டது. கண்ணின் உட்புறத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுத்தேன். புதிய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது, உறை கோணலாகிவிடும். ஒரு நீளத் திருகுக் கம்பி, ஒரு பக்கம் புஷ்ஷின் உறை அளவுக்குச் சரியான தடித்த வாஷர், மறுபக்கம் கண்ணைவிடப் பெரிய ஒரு சாக்கெட். நட்டைத் திருகத் திருகப் புஷ் நேராக உள்ளே இழுத்துக்கொண்டு போனது.

புதுப் போல்ட்டும் அதே 10.9 தரம்தான். குழலுக்குள் இருக்கும் தண்டுப் பகுதியில் மட்டும் துருப்பிடிப்பைத் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லிசாகத் தடவினேன். மரையில் தடவவில்லை. மரையில் உராய்வு குறைந்தால், இறுக்கும் முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரென்ச் அதே அளவைக் காட்டினாலும் போல்ட்டு அளவுக்கு மேல் இழுபட்டுவிடும். நட்டைக் கையால் திருகி, தகடுகள் தொடும் அளவோடு நிறுத்திவிட்டு, சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கினேன். நாலு அமுக்கு அமுக்கி ஸ்பிரிங்கை அதன் இடத்தில் உட்கார வைத்த பிறகுதான், வண்டி தன் காலில் நிற்கும்போது, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கினேன். இரண்டு பாதியாக வரும் சாதா ரப்பர் புஷ் உள்ள வண்டிகளிலும் இந்த வரிசைதான் நல்லது.

பெரிய சத்தம் போனதும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்னச் சத்தம் வெளியே வந்தது: மெல்லிய, வறண்ட ஒரு 'கிர்ர்'. நனைத்துப் பார்த்ததில் இந்த முறை பட்டை நுனி. ஒவ்வொரு பட்டையின் நுனியிலும் மேல் பட்டையை நேரடியாக உரசாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் அண்டை இருக்கும். அதில் ஒன்று தேய்ந்து விழுந்தே போயிருந்தது. இரும்பு நுனி மேல் பட்டையில் சின்னதாகப் பள்ளம் உழுதிருந்தது.

இதற்கு ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டியதில்லை. ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டிப் பிடிக்கும் யு போல்ட்டைத் தொடாமல் முடிக்க முடிந்தால் தொடாமலே முடிப்பது உத்தமம், கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். சேசிஸைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டால் பட்டை நுனிகள் தாமாகவே லேசாகத் திறக்கும். நெம்புகோலால் இன்னும் கொஞ்சம் விரித்து ஒரு கட்டை ஆப்பைச் செருகிய பிறகே கம்பி பிரஷ்ஷை உள்ளே விட்டேன். துருவைத் தேய்த்து, பள்ளத்தின் கூர்மையான விளிம்பை அரத்தால் மழுக்கி, புது அண்டையை அதன் துளையில் அமுக்கி உட்கார வைத்தேன். பட்டைகளுக்கு நடுவில் கிரீஸ் பூசுகிறவர்களும் உண்டு. மண் சாலையில் ஓடும் வண்டிக்கு நான் அதைச் செய்யமாட்டேன். கிரீஸில் தூசி ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி பட்டையைத் தேய்க்கும். உலர்ந்து படியும் கிராஃபைட் ஸ்பிரே போதும்.

மறுபக்க மேல் புஷ் இன்னும் கத்தவில்லை. ஆனால் அதன் ஓரத்திலும் வெடிப்பு தெரிந்ததால் அதையும் இதோடு மாற்றிவிட்டேன். அந்தப் போல்ட்டு அறுக்காமலே வந்தது. லோடோடு கொஞ்சம் ஓடிய பிறகு இரண்டு பக்கமும் மறுபடி டார்க் ரென்ச் வைத்துப் பார்த்தேன், எந்த நட்டும் நகரவில்லை. நல்ல வெயிலில் அதே வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்கினால், இப்போது கேட்பது பின்கதவுத் தாழ்ப்பாளின் கடகடப்பு மட்டும். அதற்கு ஒரு ரப்பர்த் துண்டு வெட்டி வைத்திருக்கிறேன்.